நீலகிரி மலையில் போகமும் பனியும்

சமவெளி விவசாயி வானத்தைப் பார்ப்பது மழைக்காக. உதகையைச் சுற்றியுள்ள சிறு விவசாயியோ, கார்த்திகை பிறந்துவிட்டால் மேகமில்லாத வானத்தைக் கண்டுதான் கவலைப்படுகிறார். மாலையில் வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்து காற்றும் அடங்கிவிட்டால், மறுநாள் விடியலில் தோட்டம் வெள்ளை போர்த்திக் கிடக்கும். வெயில் ஏறியதும் வெள்ளை மறையும். நண்பகலுக்குள் உருளைக்கிழங்குச் செடி வெந்நீர் ஊற்றியதுபோல் கருகித் தொங்கும். மூன்று மாத உழைப்பும், விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனும் ஒரே இரவில் வீணாவதை மலையில் பலரும் கண்டிருக்கின்றனர்.

நீலகிரியில் பருவம் ஊருக்கு ஊர் மாறுபடும். கூடலூர், நடுவட்டம் போன்ற மேற்குப் பகுதிகளில் ஆனி, ஆடி மாதத் தென்மேற்குப் பருவமழை அதிகம். குன்னூர், கோத்தகிரி ஆகிய கிழக்குப் பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகை மழையே முக்கியமானது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகைக்கு இரண்டு மழையிலும் பங்கு உண்டு. ஆடியில் மூடுபனியும் சாரலுமாக நாட்கணக்கில் வெயிலே தெரியாது. வேலைக்குச் செல்லும் பெண்கள் பிளாஸ்டிக் தாளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு களையெடுப்பர். ஐப்பசி கடந்ததும் முதலில் நீர்ப்பனி இறங்கும். அதன் பின்னரே உறைபனி. இது மாசி வரை விட்டுவிட்டு நீடிக்கும்.

இந்த மழை, மூடுபனி, உறைபனி ஆகியவற்றுக்கு இடையே கிடைக்கும் இடைவெளிகளைக் கொண்டே மலைவாசிகள் உருளைக்கிழங்குக்கு மூன்று போகங்களை வகுத்துள்ளனர். கோடை மழையை நம்பிச் சித்திரையில் நடுவது கார்போகம். ஆவணியை ஒட்டி நடுவது கடைபோகம். தை, மாசியில் பாசனத்தைக் கொண்டு நடுவது நீர்போகம். கார்போகப் பயிருக்குப் பனி பயமில்லை. அதன் எதிரி மூடுபனியில் பரவும் பின்பருவ இலைக்கருகல் நோய். மற்ற இரண்டு போகங்களிலும் நடவு நாளைக் கணக்கிடுவதில்தான் லாபமும் நட்டமும் அடங்கியுள்ளன.

மலையில் உருளைக்கிழங்கின் வயது சுமார் 120 நாட்கள் என்று கொள்ளலாம். கடைபோகப் பயிரை ஆகஸ்டு 15ந் தேதி வாக்கில் நட்டால் டிசம்பர் நடுவில் அறுவடை முடிந்துவிடும். மழை விடவில்லை, ஆள் கிடைக்கவில்லை என்று செப்டம்பர் 20 வரை தள்ளிப்போட்டால் அறுவடை ஜனவரி நடுவுக்குப் போகும். கிழங்கு பருக்க வேண்டிய கடைசி மாதம் முழுவதும் கடும் பனியில் சிக்கிக்கொள்ளும். செப்டம்பர் பிறந்தும் நிலம் தயாராகாதவர்கள் உருளைக்கிழங்கை விட்டு முட்டைக்கோசு, காரட் அல்லது பூண்டுக்கு மாறுவது நல்லது. இவை லேசான பனியைத் தாங்கும். பீன்ஸ் தாங்காது. பட்டாணியில் இலை தப்பித்தாலும் பூவும் பிஞ்சும் கெட்டுவிடும்.

நீர்போகத்தில் கணக்கு எதிர்ப்புறமாக ஓடும். குளிர்ந்த மண்ணில் முளை வெளிவர மூன்று முதல் நான்கு வாரங்கள் ஆகும். ஜனவரி முதல் வாரத்தில் நட்டால் இளங்குருத்து ஜனவரிக் கடைசியிலேயே பனிக்கு முகம் கொடுக்க நேரிடும். ஜனவரிக் கடைசி வாரத்தில் நட்டால் பிப்ரவரி நடுவுக்குப் பிறகு முளைத்து, மே கடைசியில், தென்மேற்குப் பருவமழைக்கு முன்னரே கிழங்கு வீடு வந்து சேரும். பனிக்கு அஞ்சிப் பிப்ரவரிக் கடைசி வரை காத்திருப்பவருக்கு ஜூன் மழையில் கருகல் நோயும் கிழங்கு அழுகலும் காத்திருக்கின்றன. ஆக, நீர்போகத்துக்கு நல்ல நடவுக் காலம் இரண்டு மூன்று வாரங்களே.

நிலத்தின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். இரவில் பூமி தன் வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது. மேகம் இருந்தால் அது போர்வைபோல் தடுக்கும். இல்லாவிட்டால் தரையை ஒட்டிய காற்று வெகுவாகக் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப்போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா, காமராஜ் சாகர் அணைப் பகுதி, உதகை குதிரைப் பந்தய மைதானம் ஆகிய இடங்களில் ஆண்டுதோறும் முதலில் பனி விழுவதற்கு இதுவே காரணம். ஆனால் தை, மாசியில் பாசனத்துக்குத் தண்ணீர் இருப்பதும் இதே பள்ளங்களில்தான்! மேட்டில் கால் ஏக்கரும் ஓடையோரம் கால் ஏக்கரும் வைத்திருக்கும் குடும்பம், கடைபோக உருளையை மேட்டிலும், பனி தாங்கும் காரட்டையோ பூண்டையோ பள்ளத்திலும் வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீரும்.

வேலி போடுவதிலும் பலர் தவறு செய்கின்றனர். தோட்டத்தின் கீழ்ப்புறம் நெருக்கமாக வளர்த்த உயிர்வேலி, குளிர்ந்த காற்றை அணைபோலத் தேக்கிவிடுகிறது. கீழ்வேலியில் இரண்டு மூன்று இடங்களில் திறப்பு விட வேண்டும். நெருக்கமான வேலி மேல்புறம் இருக்கட்டும். மேலிருந்து வழியும் குளிர்காற்றை அது ஒதுக்கிவிடும்.

நிழலில் நான்கடி உயரத்தில் மாட்டிய வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே புல் மட்டத்தில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியிருக்கக்கூடும். எனவே வெப்பமானியை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. பனி எதிர்பார்க்கும் நாளில் பிற்பகலிலேயே பயிருக்கு நீர் பாய்ச்ச வேண்டும். ஈரமண் பகல் வெப்பத்தை அதிகம் சேர்த்துவைத்து இரவில் மெதுவாக விடும். காய்ந்து பொலபொலத்த மண்ணில் இது நடக்காது. ஆகையால் பனிக்கு முந்தைய நாட்களில் கொத்திக் கிளறுவதையும் தவிர்க்கவும்.

தெளிப்பு நீர்க் கருவி உள்ளவர்கள் இரவில் நீர் தெளித்தும் காக்கலாம். நீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடுவதால் இலையின் வெப்பம் பூஜ்யத்தை விட்டு அதிகம் இறங்காது. ஆனால் தொடங்கினால் வெயில் வந்து பனிக்கட்டி உருகும் வரை நிறுத்தக் கூடாது. நடுவில் டீசல் தீர்ந்து இன்ஜின் நின்றுவிட்டால், தெளிக்காத தோட்டத்தைவிடச் சேதம் அதிகமாகும். இரவு முழுவதும் ஓட்டத் தண்ணீரும் எரிபொருளும் இல்லாதவர்கள் இதில் இறங்காமல் இருப்பதே மேல். விடியலில் பூவாளியால் பனியைக் கழுவிவிடும் பழக்கம் லேசான பனிக்கு ஓரளவு உதவலாம். உள்ளே உறைந்துவிட்ட இலையை அது மீட்காது. குப்பையை எரித்துப் புகை போடுவதால் பெரிய பயன் இல்லை. புகை பூமியின் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவதில்லை. காய்ந்த புல்லில் தீ பற்றிச் சீகைக் காட்டுக்குப் பரவினால் ஊருக்கே ஆபத்து.

நாற்றங்காலையும் இளந்தேயிலையையும் மாலையில் பெரணித் தழை அல்லது வைக்கோலால் மூடலாம். ஐப்பசிக்குப் பின் யூரியாவை மிகுதியாக இட்டால் துளிர் மென்மையாகிப் பனியில் எளிதில் கருகும். பனி தாக்கிய தேயிலையை உடனே வெட்டிவிடக் கூடாது. மீண்டும் வரும் பனியில் புதுத்துளிரும் போய்விடும். மாசி கழிந்தபின் உயிருள்ள கட்டை வரை கவாத்து செய்யலாம்.

உருளைக்கிழங்கிலும் அவசரம் கூடாது. 60 நாட்களுக்கு உட்பட்ட பயிர் கருகினால் உழுதுவிடாமல் ஒரு வாரம் பார்க்க வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் கணுவிலிருந்து மீண்டும் துளிர்ப்பதுண்டு. அப்படித் துளிர்த்தால் லேசாக நீர் பாய்ச்சிச் சிறிது தழைச்சத்து இடலாம். 90 நாட்களைக் கடந்த பயிரானால் கிழங்கு பெரும்பாலும் உருவாகியிருக்கும். கருகிய தழையை அறுத்துவிட்டு, பத்து முதல் பதினான்கு நாட்கள் மண்ணிலேயே விட்டால் தோல் முற்றும். மறுநாளே தோண்டினால் தோல் உரிந்து மண்டியில் விலை போகாது. வெளியே தெரியும் கிழங்குகள் உறைந்து அழுகிவிடும் என்பதால் முன்னதாகவே மண் அணைத்திருக்க வேண்டும்.

மூன்று போகம் உண்டென்பதால் ஒரே நிலத்தில் மூன்று முறையும் உருளை நடலாகாது. 1961ல் நீலகிரியில் கண்டறியப்பட்ட உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழுவின் முட்டைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிருடன் இருக்கும். காரட், முட்டைக்கோசு, பூண்டு, பீன்ஸ் என மாற்றி, மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை மட்டும் உருளை நடுவதே பாதுகாப்பு. நூற்புழுவை எதிர்க்கும் குப்ரி சொர்ணா இரகம் 1985ல் வெளியிடப்பட்டது.

பனிக்காலத்தில் கறவை மாடுகளையும் மறக்கக் கூடாது. கிக்கியூ புல் கருகி மேய்ச்சல் குறைவதால் பாலும் குறையும். புரட்டாசியிலேயே ஓட்ஸ் தீவனம் விதைத்துவைக்கவும். பனி உருகும் முன் மாட்டை மேய விட வேண்டாம். குடிக்க வெதுவெதுப்பான நீர் கொடுக்கவும். ஆட்கள் தங்கும் அறையில் குளிருக்காகக் கரியடுப்பு மூட்டிக் கதவடைத்துப் படுப்பது இன்றும் மலையில் உயிர்களைக் குடித்துவருகிறது. அடுப்பை வெளியில் வைத்துவிட்டே உறங்க வேண்டும்.

பனிச் சேதம் ஏற்பட்டால் தழையை அறுக்குமுன் கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலைத் துறை அலுவலரிடமும் தெரிவித்துப் பார்வையிடச் செய்யவும். பயிர்க் காப்பீடு செய்துள்ளவர்கள் அதற்குரிய காலக்கெடுவையும் விதைக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளவும்.