கொலஸ்ட்ரால் பயத்தில் நிற்கும் டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை

ஹார்மோன் குறைபாடு உறுதியான பிறகும் சிகிச்சைக்குத் தயங்கும் ஆண்களை ஒரு நம்பிக்கை தடுக்கிறது: டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் கெட்ட கொலஸ்ட்ரால் (எல்.டி.எல்.) எகிறும், நல்ல கொலஸ்ட்ரால் (எச்.டி.எல்.) சரியும். இது முழுக்கக் கற்பனையும் இல்லை. உடற்பயிற்சிக் கூடங்களில் விழுங்கப்படும் ஸ்டெராய்டு மாத்திரைகள் அதைத்தான் செய்கின்றன. 1989-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் எடை தூக்கும் வீரர்கள் 11 பேருக்கு ஆறு வாரம் ஸ்டானோசோலால் என்ற ஸ்டெராய்டு மாத்திரையும், வேறு ஆறு வாரம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரையில் எச்.டி.எல். 33% விழுந்தது, எல்.டி.எல். 29% ஏறியது. அதே ஆட்களுக்கு ஊசியில் எச்.டி.எல். 9% மட்டுமே குறைந்தது, எல்.டி.எல். ஏறவே இல்லை, 16% இறங்கியது. அந்த ஊசியும் வாரம் 200 மி.கி.; குறைபாட்டுக்கு வழக்கமாகக் கொடுப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

வித்தியாசத்துக்குக் காரணம் கல்லீரல். கல்லீரலால் எளிதில் சிதைக்க முடியாதபடி அந்த மாத்திரையின் மூலக்கூறை மாற்றியிருக்கிறார்கள். குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய், எச்.டி.எல்.லைக் கரைக்கும் நொதியை அது தூண்டிவிடுகிறது. ஊசியும் தோலில் தடவும் ஜெல்லும் அந்த வழியில் போவதில்லை. மேலும், இயற்கையான டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறி, எச்.டி.எல். சரிவைத் தாங்கிப் பிடிக்கிறது. மாத்திரை, டெஸ்டோஸ்டிரோன் இரண்டையும் ஒரே பெயரில் 'ஸ்டெராய்டு' என்று அழைப்பதில்தான் குழப்பமே பிறக்கிறது.

சரி, குறைபாடுள்ளவர்களுக்கு என்ன நடக்கிறது? அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த, டெஸ்டோஸ்டிரோன் குறைந்த 790 ஆண்களை வைத்து நடந்த 'டெஸ்டோஸ்டிரோன் ட்ரயல்ஸ்' ஆய்வில் ஓராண்டு ஜெல் கொடுத்தார்கள். போலி ஜெல் தடவியவர்களோடு ஒப்பிட்டால் மொத்தக் கொலஸ்ட்ரால் சுமார் 6 மி.கி., எல்.டி.எல். 2, எச்.டி.எல். 2 குறைந்தன. ட்ரைகிளிசரைடு மாறவில்லை. ரிப்போர்ட்டில் 130 என்றிருந்த எல்.டி.எல். 128 ஆகும், அவ்வளவுதான். ஒரே ஆளுக்கு இரண்டு வாரம் தள்ளி ரத்தம் எடுத்தாலே அதைவிட அதிக வித்தியாசம் வரும்.

எச்.டி.எல். குறைவது எப்படியும் கெடுதல்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எச்.டி.எல். எண்ணை மட்டும் வைத்து இதயத்தின் கதியைச் சொல்ல முடியாது என்பது பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். எச்.டி.எல்.லை வெகுவாக உயர்த்திய டார்செட்ரபிப் மருந்தை, ஆய்வில் இறப்புகள் கூடியதால் 2006-ல் கைவிட்டார்கள். புராஸ்டேட் புற்றுநோய்க்காக டெஸ்டோஸ்டிரோனை அடக்கும்போது எச்.டி.எல். ஏறுகிறது, கூடவே நீரிழிவும் இதய நோயும் வரும் வாய்ப்பும் ஏறுகிறது. அதனால் மாரடைப்பையே நேரடியாக எண்ணிப் பார்ப்பதுதான் முறை. 2023-ல் வெளியான 'ட்ராவர்ஸ்' ஆய்வு அதைச் செய்தது. இதய நோயோ அதற்கான அதிக ஆபத்தோ உள்ள 5,200-க்கும் மேற்பட்ட ஆண்களில், மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் மூன்றும் சேர்ந்து ஜெல் தடவியவர்களில் 7.0%, போலி ஜெல் குழுவில் 7.3%.

இதைப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடுகிறவர்களும் உண்டு; ஹார்மோன் ஏற்றிவிட்டோம், இனி கொலஸ்ட்ரால் மாத்திரை எதற்கு என்று. ஸ்டாட்டின் என்ற அந்த மாத்திரை எல்.டி.எல்.லை 30% முதல் 50% வரை இறக்கும். அந்த வேலையை 2 மி.கி. குறைவு செய்யாது, மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. ட்ராவர்ஸிலேயே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத் துடிப்பும், நுரையீரல் ரத்தக் குழாய் அடைப்பும் ஜெல் குழுவில் கூடுதலாக வந்தன. இந்தச் சிகிச்சையில் இருப்பவர் ரிப்போர்ட்டில் முதலில் தேட வேண்டிய வரி, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமட்டோகிரிட். டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைப் பெருக்கி ரத்தத்தைக் கெட்டியாக்கும். அந்த எண் 54%-ஐத் தாண்டினால், கொலஸ்ட்ரால் எவ்வளவு அழகாக இருந்தாலும், மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.