வட்டுப் பெட்டியும் வழி அட்டவணையும்

நம் சங்க இதழில் இலக்கியக் கட்டுரைகளும் சிறுகதைகளும் நிரம்ப வருகின்றன. ஆய்வகத்தில் நாம் அன்றாடம் கையாளும் கருவிகளைப் பற்றித் தமிழில் எழுதுவோர் மிகச் சிலரே. அக்குறையைச் சிறிதேனும் போக்கலாம் என்று இதனை எழுதத் துணிந்தேன். இடையில் என் பிழை ஒன்றும் வருகிறது. அதனை மறைத்துவிட்டால் கட்டுரையில் பாதி போய்விடும்.

சர்வரில் உள்ள கட்டுப்பாட்டு அட்டைக்கு எட்டு இணைப்புகளே இருக்கலாம். நமக்கு வேண்டிய வட்டுகளோ இருபத்து நான்கு. இந்த இடைவெளியை நிரப்புவது எக்ஸ்பாண்டர் என்னும் சில்லு. எஸ்.ஏ.எஸ். முறையில் அமைந்த வட்டுப் பெட்டிகளுக்குள் அது இருக்கும். அதன் ஒவ்வோர் இணைப்பு வாய்க்கும் 'ஃபை' என்று பெயர். ஒவ்வொரு வட்டுக்கும் 64 பிட் நீளமுள்ள முகவரி உண்டு. அதைப் பதினாறன் முறையில் 16 இலக்கங்களாக எழுதுவார்கள். அட்டை ஒரு முகவரியைச் சொல்லி இணைப்புக் கேட்கும்போது, எந்த ஃபை வழியாக அனுப்புவது என்று எக்ஸ்பாண்டர் முடிவு செய்ய வேண்டும்.

அது முடிவு செய்யும் முறை நம் ஊர்த் தபாலாபீசுக்குப் புதியதன்று. பிரிப்பவர் முதலில் தம் தெருக்களைப் பார்க்கிறார். முகவரி அங்கே இருந்தால் நேரே கொடுத்து விடுகிறார். இல்லையேல், எந்தக் கிராமத்துக் கடிதம் எந்தக் கிளை அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று எழுதிய பட்டியலைப் பார்க்கிறார். அதிலும் இல்லாதவற்றை ஒரே பையில் போட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி விடுகிறார். எக்ஸ்பாண்டரிலும் ஃபை மூவகைப்படும்: நேர்வழி, அட்டவணை வழி, எஞ்சியவை போகும் வழி. முறையே டி, டி, எஸ் என்று சொன்னால் முதலிரண்டும் தமிழில் ஒன்றுபோல ஒலிக்கும் என்பதால் அந்த எழுத்துகளை இங்கே விட்டுவிடுகிறேன்!

இரண்டு பெட்டிகளை அடுத்தடுத்து இணைத்தால், முதல் பெட்டியிலிருந்து கீழே செல்லும் ஃபைகள் அட்டவணை வகையாகவும், அவற்றோடு சேரும் இரண்டாம் பெட்டியின் ஃபைகள் எஞ்சியவை வகையாகவும் இருக்கும். ஆகவே கீழிருந்து மேலே வருவதற்கு அட்டவணை தேவையில்லை; தெரியாததெல்லாம் தானே மேலே போய்விடும். மேலிருந்து கீழே போவதற்குத்தான் எழுதி வைத்த வழி வேண்டும். எழுதாத வட்டு, சுழன்றுகொண்டே இருந்தாலும், சர்வருக்கு இல்லாத வட்டுதான்.

பொதுவாக இந்த எழுத்து வேலையைக் கட்டுப்பாட்டு அட்டையோ லினக்ஸின் உட்கருவோ செய்துவிடும். எஸ்.ஏ.எஸ்.-2 நெறியைப் பின்பற்றும் எக்ஸ்பாண்டர்களில் பல, தம் அட்டவணையைத் தாமே நிரப்பிக்கொள்ளும். எங்கள் ஆய்வகத்தில் இருந்தவை அதற்கு முந்திய தலைமுறைப் பெட்டிகள். இரண்டாம் பெட்டியில் நான் ஒரு புதிய வட்டைச் செருகினேன். விளக்கு எரிந்தது, சர்வரில் வட்டு தெரியவில்லை.

லினக்ஸில் இதற்கென டக்ளஸ் கில்பர்ட் எழுதிய 'எஸ்.எம்.பி. யூட்டில்ஸ்' என்னும் கட்டளைத் தொகுப்பு உண்டு. அதில் 'ரெப் ஜெனரல்' என்ற கட்டளை எக்ஸ்பாண்டரின் பொது விவரத்தைத் தரும்: எத்தனை ஃபை, அட்டவணையில் எத்தனை வரிசை, வெளியார் அதில் எழுத இடமுண்டா என்பன. இந்தக் கடைசி விவரம் 1 என்று இருந்தால்தான் மேலே போக வேண்டும். 'டிஸ்கவர்' ஒவ்வொரு ஃபையின் வகையையும் அதன் மறுமுனையில் இருப்பதையும் காட்டும். 'ரெப் ரூட் இன்ஃபோ' அட்டவணையைப் படிக்கும்; 'கான்ஃப் ரூட் இன்ஃபோ' அதில் எழுதும். எழுதும் கட்டளைக்கு மூன்று செய்திகள் வேண்டும்: எந்த ஃபை, எத்தனையாவது வரிசை, எந்த முகவரி. முகவரிக்கு முன் சுழியும் எக்ஸும் சேர்க்காவிட்டால் அதைப் பத்தடி எண் என்று எடுத்துக்கொள்ளும்.

எங்களோடு இருந்த மூத்த ஆய்வாளர், தஞ்சைப் பக்கத்துக்காரர், "தம்பி, எழுதுவதற்கு முன்னால் பழைய அட்டவணையை ஒரு தாளில் குறித்துக்கொள்" என்றார்.

"நான்கு வரிதானே அண்ணா" என்றேன். அவர் முகத்துக்காகக் குறித்தும் வைத்தேன்.

நான்கு வரி என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. பெட்டிகளை இணைக்கும் கம்பியில் நான்கு ஃபைகள், 20 முதல் 23 வரை. அட்டவணை ஃபைதோறும் தனித்தனி. ஆகவே ஒரே முகவரியை நான்கு முறை எழுத வேண்டும். புதிய வட்டு இரண்டாம் பெட்டியின் 11ஆம் ஃபையில் இருந்தது. எங்கள் அட்டவணையில் அதற்குரியது 11ஆம் வரிசை. 20ஆம் ஃபைக்கு எழுதினேன். பிறகு மேலம்பு விசையை அழுத்தி, ஃபை எண்ணை மட்டும் மாற்றி, மற்ற மூன்றையும் எழுதினேன். மீண்டும் தேடச் சொன்னதும் புதிய வட்டு தெரிந்தது. உள்ளபடியே மகிழ்ந்தேன்.

கால் மணி நேரம் கழிந்திருக்கும். பக்கத்து அறையிலிருந்து நண்பர் ஓடிவந்தார். அவருடைய ஆய்வேட்டுக்கான கணக்கு ஒன்பது நாளாக ஓடிக்கொண்டிருந்தது. அது எழுதிவந்த வட்டு காணவில்லை!

என் முதல் கட்டளையைத் திரும்பப் பார்த்தேன். வரிசை எண்ணைக் கொடுக்கவே இல்லை. கொடுக்காவிட்டால் கட்டளை அதனைச் சுழி என்று கொள்ளும். சுழியாம் வரிசையில் இருந்தது நண்பரின் வட்டு. அதன் முகவரிமேல் புதிய முகவரியை எழுதிவிட்டேன். மேலம்பு விசையின் உதவியால் நான்கு ஃபைகளிலும் பழுதின்றி எழுதிவிட்டேன். முகவரி எந்த வரிசையில் இருந்தாலும் எக்ஸ்பாண்டர் கண்டுகொள்ளும். அதனால்தான் புதிய வட்டு தெரிந்தது, எனக்கும் ஐயம் எழவில்லை.

தாள் இருந்தது. பழைய முகவரியைச் சுழியாம் வரிசையிலும், புதியதைப் பதினோராம் வரிசையிலும், ஃபைக்கு இரண்டாக எட்டு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் உடனே படித்துத் தாளோடு ஒப்பிட்டேன். வட்டு திரும்பி வந்தது. கோப்பு முறைமையைச் சோதித்தபின் கணக்கைப் பார்த்தால், அது கடைசியாகத் தன் நிலையைச் சேமித்தது முந்திய நாள் மாலையில். ஒரு நாள் வேலை போயிற்று. எட்டு நாள் பிழைத்தது. நண்பர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அது நியாயந்தான்.

அடுத்த வாரம் மின்சாரம் நின்று வந்தது. அந்தப் புதிய வட்டு மறுபடியும் காணவில்லை. நான் எழுதிய வரிகள் அட்டவணையில் இல்லை. இம்முறை நான்கு கட்டளைகளையும் ஒரு கோப்பில் எழுதி, அண்ணாவிடம் காட்டி, அவர் வரிசை எண்ணை விரல் வைத்துப் படித்த பிறகே ஓட்டினேன்.