ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரரும் உபகரண விதிகளும்

ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து, கோல்கொண்டாக் கோட்டையின் நயா கிலாவில் அமைந்திருக்கும் ஹைதராபாத் கோல்ஃப் கிளப்புக்குப் போக நகரத்தையே குறுக்காகக் கடக்க வேண்டியிருப்பதால், எங்களைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்கள் விடியுமுன்பே தார்நாக்கா வழியாகப் புறப்பட்டுவிடுவது வழக்கம். அந்தப் பிரயாணத்தில் சில காலமாக ஓயாமல் பிரஸ்தாபமாகும் விஷயம், பந்துகளின் விதி மாறும்போது நாம் வாங்கி வைத்திருப்பதெல்லாம் வீணாகிவிடுமா என்பதே. மின்னணுக் கருவிகளோடு உத்தியோக காலத்தைக் கழித்தவனாதலால் அவ்விதிகளை ஆர்வத்தோடு படித்திருக்கிறேன்; கவலைப்பட வேண்டிய இடம் அதுவன்று என்பது என் அபிப்பிராயம்.

கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்டு ஏ, யு.எஸ்.ஜி.ஏ. ஆகிய இரு சபைகளும் 2023 டிசம்பரில் அறிவித்த திட்டத்தின் சாரம், பந்தைச் சோதிக்கும் இயந்திரத்தின் வீச்சு வேகத்தை மணிக்கு 120 மைலிலிருந்து 125 மைலாக உயர்த்திவிட்டு, பந்து செல்லக்கூடிய 317 கஜம் என்ற எல்லையை மட்டும் மாற்றாமல் வைப்பது. அதனால் அசுர பலத்தோடு அடிப்பவர்களுக்குப் பதினைந்து கஜம் வரை குறையக்கூடும். 2030-க்குப் பிறகு நமக்குக் குறைவதோ ஐந்து கஜம் அல்லது அதற்கும் கீழ். எதிர்க்காற்றைக் கணிப்பதில் தவறினாலே அதைவிட அதிகம் இழக்கிறோம். 2023-இன் தொடக்கத்தில், உயர்மட்டப் போட்டிகளுக்கு மட்டும் தனிப் பந்து என்றிருந்த யோசனை பிறகு கைவிடப்பட்டதை நான் மனமார வரவேற்கிறேன். உலகச் சாம்பியனும் நானும் ஒரே விதிக்குட்பட்ட பந்தை அடிக்கிறோம் என்ற சமத்துவம் இந்த ஆட்டத்தின் பெரிய கௌரவம்.

டிரைவர் என்னும் நெடுந்தூர மட்டையை வாங்கும்போதுதான் உண்மையான ஜாக்கிரதை தேவை. வயதானவர்கள் இழந்த தூரத்தை மீட்டுத் தரும் என்று சொல்லி, வரம்பு மீறிய துள்ளல் கொண்ட மட்டைகள் சில விற்பனைக்கு வருகின்றன. எஃகு முனை கொண்ட சிறு ஊசல் ஒன்றை மட்டையின் முகத்தில் மோதவிட்டு, இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்தை மைக்ரோ விநாடிகளில் அளக்கும் சோதனை இருக்கிறது. 239-உம், சலுகையாக 18-உம் சேர்த்து 257-ஐத் தாண்டினால் அந்த மட்டை விதிக்குப் புறம்பானது. தனியாகப் பயிற்சி செய்பவருக்கு அதனால் பாதகமில்லை. ஆனால் அதைக் கொண்டு எடுத்த ஸ்கோரை ஹேண்டிகேப்புக்குக் கொடுப்பது எதிராளிக்கு இழைக்கும் அநீதி. ஆகவே, குறிப்பாகப் பழைய மட்டை வாங்குகிறவர்கள், அதன் அடியில் பொறித்திருக்கும் பெயரையும் லாஃப்ட் அளவையும் ஆர் அண்டு ஏ வெளியிடும் அங்கீகாரப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

பதினான்கு மட்டை என்ற எல்லை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருந்தும் ஒரு மாதாந்தரப் போட்டியின் காலையில், நண்பர் ஒருவருடைய பையை வழக்கம்போல் எண்ணிப் பார்த்த கேடிப் பையன், “சார், பதினைந்து இருக்கிறது” என்று மெல்லச் சொன்னான்; முதல் நாள் பேரனோடு விளையாடிய குட்டி பட்டர் அடியில் கிடந்தது. ஆட்டம் தொடங்கவில்லையாதலால், அது ஆட்டத்தில் இல்லை என்று உடன் ஆடுபவர்களிடம் அறிவித்து, பையில் தலைகீழாகச் செருகி வைத்ததோடு காரியம் முடிந்தது. ஸ்ட்ரோக் ஆட்டத்தில் இரண்டு குழிகள் கழித்துத் தெரிய வந்திருந்தால் நான்கு அடிகள் தண்டனை.

தூரம் காட்டும் கருவி 2019 முதல், உள்ளூர் விதி தடுக்காதவரை, அனுமதிக்கப்பட்டிருக்கிறது. நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் ஸ்லோப் வசதிக்கு மட்டும் போட்டியில் இடமில்லை. ஒருமுறை பயன்படுத்தினால் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் இரண்டு அடிகள், மறுமுறை தகுதியிழப்பு. அந்த வசதி அணைக்கப்பட்டிருப்பதை வெளியிலிருந்தே தெரிந்துகொள்ளும்படி பல கருவிகளில் அடையாளம் வைத்திருக்கிறார்கள். முதல் டீயில் நிற்கும்போதே அதை உடன் ஆடுபவரிடம் காட்டிவிடுவது நல்லது.