பாட்டுக்கு உரியவர் யார்?

பிறர் தோட்டத்துக் கனியைக் கேளாமற் பறித்தல் பிழை என்பதை யாவரும் அறிவர். பாட்டும் அத்தகைய உடைமையே என்பதைப் பலர் அறியார். பாட்டின் சொற்கள் கவிஞரின் ஆக்கம். மெட்டு இசையமைப்பாளரின் ஆக்கம். ஒலிப்பதிவிற்கும் தனியே உரிமை உண்டு. ஆதலால், ஒரு பாட்டைத் திரைப்படத்தில் சேர்க்க விழைபவர், உரிமை உடையோரிடம் இசைவு பெற்று, உரிய தொகையும் செலுத்துதல் வேண்டும். இதனை உரிமம் பெறுதல் என்பர்.

கனி உண்டவுடன் தீரும். பாட்டோ பாடப் பாடப் பெருகும். எனின், நாட்டையே எழுப்பிய பாட்டை ஒருவர் தம் உடைமையாக வைத்திருத்தல் தகுமா? இவ்வினா தமிழ்நாட்டில் ஒருகால் வலிமையாக எழுந்தது.

பாரதியார் 1921-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர்தம் பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமையைப் பிற்காலத்தில் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் விலை கொடுத்து வாங்கினார். 1947-இல் வெளிவந்த அவருடைய ‘நாம் இருவர்’ படத்தில் அப்பாடல்கள் ஒலித்தன. மக்கள் உவந்து கேட்டனர். மறு ஆண்டில், டி. கே. எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்திலும் பாரதி பாடலொன்று இடம்பெற்றது. உடனே உரிமைப் பூசல் எழுந்தது.

விலை கொடுத்தவர்பால் சட்டம் நின்றது. ஆயினும், பாரதியின் பாட்டு மக்கள் அனைவர்க்கும் உரியதாதல் வேண்டும் என்று எழுத்தாளரும் அறிஞரும் முழங்கினர். 1949-இல், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது, சென்னை மாகாண அரசு அவ்வுரிமையை ஏற்றது. செட்டியார் பொருள் ஏதும் பெறாது அதனை அளித்தார். பாரதியார் குடும்பத்தினர்க்கு அரசு நிதி வழங்கியது. பின்னர் அப்பாடல்கள் பொதுவுடைமை ஆயின. இன்று எவரும் இசைவு கேளாமலே அவற்றைப் பாடலாம், படத்திலும் சேர்க்கலாம்.

எனினும், எல்லாப் பாட்டும் அவ்வாறு பொதுவானதன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. அதன்படி, இன்று கவிஞர் வாழுங்காலமும், மறைந்தபின் 60 ஆண்டுகளும் பாடலின் உரிமை நிலைக்கும். 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் திரைப்பாடல் இயற்றியோர்க்கும் இசையமைத்தோர்க்கும் மேலும் அரண் செய்தது. அவர்தம் பாடல் வானொலி, தொலைக்காட்சி முதலியவற்றில் பயன்படுங்கால், வரும் உரிமைத் தொகையில் அவர்க்கும் பங்கு உண்டு.

பாட்டைக் கேட்டு மகிழ்வோர், அதனைப் படைத்தவரின் உழைப்பையும் மதித்தல் வேண்டும். பாட்டு நாட்டுக்குச் செல்வம். அதனைப் படைத்தவர்க்கு அது வாழ்வு.