மாற்றுத் திறனாளி விளையாட்டு வீரரும் ஊராட்சியின் கடமையும்

ஊராட்சியின் பணிகளைக் கூறுமிடத்து, சாலை, குடிநீர், தெருவிளக்கு, பள்ளிக் கட்டடம் ஆகியவற்றையே நாம் முதலில் எண்ணுகிறோம். இவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவையனைத்தும் மக்களுக்காகவே ஏற்பட்டவை. ஆகவே ஊரிலுள்ள ஒவ்வொருவரும் தம் ஆற்றல் முழுவதையும் வெளிப்படுத்தி வாழ வழி செய்வதே கிராம வளர்ச்சியின் உண்மையான நோக்கமாகும். இந்நோக்கில் நம் கிராமங்கள் பெரிதும் கவனியாது விட்ட ஒரு துறையைப் பற்றி இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பள்ளியில் விளையாட்டு விழா நடைபெறும் நாளில், கால் மெலிந்த சிறுவனோ கை குறைந்த சிறுமியோ எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் மர நிழலில் அமர்ந்து மற்றவர்களின் செருப்பையும் சட்டையையும் காத்துக்கொண்டிருப்பார்கள். இதில் எவருக்கும் தீய எண்ணம் இல்லை. குழந்தை விழுந்துவிடுமே என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். பொறுப்பை ஏற்க ஆசிரியர் தயங்குகிறார். ஆனால் இவ்வாறு கழியும் ஆண்டுகள் திரும்பி வருவதில்லை. பருவம் தவறி விதைத்த நிலம் எவ்வளவு நல்ல நிலமாயினும் முழு விளைவைத் தராது என்பதை உழவர்கள் நன்கு அறிவார்கள்.

சேலம் மாவட்டத்தில் ஒரு சான்று

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி என்னும் கிராமத்தில் 1995ஆம் ஆண்டு பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. இவர் ஐந்து வயதுச் சிறுவனாகப் பள்ளிக்கு நடந்து சென்றபோது பேருந்து ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிற்று. தாயார் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்து வந்தார். சிறுவனை ஒதுக்கி வைக்காமல், உயரம் தாண்டுதலில் ஈடுபடுமாறு ஊக்கினார் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். 14ஆம் வயதில், உடற்குறை இல்லாத மாணவரோடு போட்டியிட்டு அவர் இரண்டாம் இடம் பெற்றார். பின்னர்ப் பெங்களூரில் பயிற்சியாளர் சத்தியநாராயணாவிடம் முறையான பயிற்சி பெற்றார்.

2016ஆம் ஆண்டு ரியோ நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கப் பதக்கம் வென்றார். 2021ஆம் ஆண்டு டோக்கியோவில் வெள்ளியும், 2024ஆம் ஆண்டு பாரிசில் வெண்கலமும் பெற்றார். விபத்து நேர்ந்தது 5 வயதில். தங்கம் வென்றது 21 வயதில். இடைப்பட்ட 16 ஆண்டுகளில் எந்த ஓராண்டில் உதவி நின்றிருந்தாலும் அப்பதக்கம் கிடைத்திராது. அதிலும் முதல் உதவி தலைநகரத்திலிருந்து வரவில்லை. கிராமத்துப் பள்ளியின் ஆசிரியர் ஒருவரிடமிருந்து வந்தது. நாம் கற்க வேண்டிய முதற் பாடம் இதுவே.

இயக்கம் தோன்றிய வரலாறு

இரண்டாம் உலகப் போரில் முதுகெலும்பில் காயமுற்ற போர்வீரர்களுக்கு இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் சிகிச்சை அளித்து வந்தவர் டாக்டர் லூட்விக் குட்மன். விளையாட்டும் மருந்தேயாகும் என்பது அவர் கொள்கை. 1948ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே தினத்தில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேரைக் கொண்டு அவர் வில்வித்தைப் போட்டி ஒன்றை நடத்தினார். அச்சிறு விதையே 1960இல் ரோம் நகரில் முதல் பாராலிம்பிக் போட்டியாக முளைத்தது.

நம் நாட்டின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை 1972ஆம் ஆண்டு நீச்சலில் வென்றவர் முரளிகாந்த் பேட்கர். இவர் 1965ஆம் ஆண்டுப் போரில் காயமுற்ற படைவீரர். இந்தியா 2016இல் 4 பதக்கங்களும், டோக்கியோவில் 19 பதக்கங்களும், பாரிசில் 29 பதக்கங்களும் பெற்றது. எட்டே ஆண்டுகளில் ஏற்பட்ட இவ்வளர்ச்சிக்குக் காரணம், வாய்ப்பும் பயிற்சியும் முன்னைவிடப் பலருக்குக் கிடைத்தமையேயாகும்.

வகைப்பாடு என்றால் என்ன?

கபடியில் எடைப் பிரிவு உண்டு. மாட்டு வண்டிப் பந்தயத்திலும் பெரிய மாட்டுக்கும் பூஞ்சிட்டு மாட்டுக்கும் தனித்தனிப் பந்தயம் வைக்கிறோம். சமமானவர்களிடையே நடந்தால்தான் அது போட்டி. அதுபோன்றே உடற்குறையின் தன்மையையும் அளவையும் கொண்டு வீரர்களைப் பிரிப்பதற்கு வகைப்பாடு என்று பெயர்.

தடகளத்தில் ஓட்டத்திற்கும் தாண்டுதலுக்கும் 'டி' என்னும் எழுத்தும், எறிதலுக்கு 'எஃப்' என்னும் எழுத்தும் வழங்கப்படுகின்றன. எழுத்தை அடுத்து வரும் எண் குறையைக் குறிக்கும். 11 முதல் 13 வரை பார்வைக் குறை. 20 அறிவு வளர்ச்சிக் குறை. 30 வரிசை மூளை முடக்குவாதம் போன்ற இயக்கக் குறைகள். 40, 41 குள்ள உருவம். 42 முதல் 44 வரை கால் குறை. 45 முதல் 47 வரை கை குறை. 50 வரிசை சக்கர நாற்காலியிலோ இருக்கையிலோ அமர்ந்து ஆடுவோர். 60 வரிசை செயற்கைக் காலுடன் ஆடுவோர். செவித்திறன் குறைந்தோர்க்கு 1924 முதல் தனி உலகப் போட்டி நடைபெற்று வருகிறது.

இதை ஊராட்சி உறுப்பினர் ஏன் அறிய வேண்டும்? தக்க பிரிவில் சேராத வீரன், எவ்வளவு உழைத்தாலும் தன்னினும் வலிமையுடையாரோடு மோதி மனம் சோர்ந்துவிடுவான். 'நமக்கு இது வராது' என்று அவன் விட்டுவிடுவது பலமுறை ஆற்றற் குறையால் அன்று. தனக்கும் ஒரு பிரிவு உண்டு என்று அறியாமையால்தான்.

கிராமத்தில் செய்யத்தக்கவை

1. கண்டறிதல்: ஊராட்சிக்குட்பட்ட குக்கிராமங்கள் அனைத்திலும் உள்ள மாற்றுத் திறனாளிச் சிறுவர் சிறுமியரின் பெயர்ப் பட்டியலை அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், மகளிர் குழுவினர் துணையோடு தயாரிக்க வேண்டும். பள்ளியைவிட்டு நின்றவர்களையும் விடாது சேர்த்தல் அவசியம். பெண் குழந்தைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் வழக்கம் உண்டாதலால், வீடு வீடாகச் சென்று கேட்பதே முறையாகும்.

2. சான்று பெறுதல்: அரசு மருத்துவக் குழுவின் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் இன்றி எந்த உதவியும் எளிதில் கிட்டாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைகளை ஏற்றுக்கொண்டுள்ளது. இட ஒதுக்கீடு முதலிய உரிமைகள் 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உடையோர்க்கு உரியவை. கூலி வேலையை விட்டுவிட்டுப் பெற்றோர் பலமுறை அலைய நேர்வதாலேயே பலர் சான்று பெறாதிருக்கின்றனர். முகாம் நாளை முன்கூட்டி அறிவித்து, ஐந்தாறு குடும்பங்களை ஒரே வண்டியில் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தல் ஊராட்சி செய்யக்கூடிய சிறந்த உதவியாகும்.

3. களம் அமைத்தல்: இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. விளையாட்டுத் திடலின் வாயிலில் படிக்குப் பதிலாகச் சரிவுப் பாதை அமைக்கலாம். ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சரிவுக்குரிய கணக்கு. இதனினும் செங்குத்தாக அமைத்தால் சக்கர நாற்காலி ஏறாது. மாற்றுத் திறனாளிகள் பயன்படுத்தத்தக்க கழிப்பிடம் ஒன்றும் அருகில் வேண்டும். இஃது இல்லாமையால் பயிற்சிக்கு வராது நிற்போர், குறிப்பாகப் பெண்கள், பலராவர்.

4. கருவி: அமர்ந்து குண்டெறிவோர்க்கும் ஈட்டி எறிவோர்க்கும் உறுதியான எறி இருக்கை தேவை. இருக்கையின் உயரம் மேல்மெத்தை உட்பட 75 சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாது என்பது விதி. அதனைத் தரையோடு பட்டைகளால் இறுகக் கட்டுவர். பயிற்சிக்கேற்ற இருக்கையை இரும்புக் குழாய்களைக் கொண்டு உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். உட்காருவோரின் உடலளவுக்கு ஏற்பச் செய்தலும், கூரிய விளிம்புகளைத் தேய்த்து விடுதலும் முக்கியம். உணர்ச்சியற்ற காலில் ஏற்படும் புண் விரைவில் தெரியாது.

5. துணை ஓட்டக்காரர்: முழுப் பார்வையற்ற ஓட்டக்காரர் தனியே ஓடுவதில்லை. இருவர் கையையும் ஒரு சிறு கயிறு இணைத்திருக்க, துணைவர் உடன் ஓடுவார். அவர் வீரரை இழுத்தலும் தள்ளலும் ஆகாது. எல்லைக் கோட்டை வீரரே முதலில் கடக்க வேண்டும். ஊரில் நன்கு ஓடும் இளைஞர் ஒருவர் நாள்தோறும் ஒரு மணி நேரம் அளித்தால், பார்வையற்ற ஒருவர்க்குக் களம் திறந்துவிடுகிறது. இளைஞர் மன்றங்கள் மேற்கொள்ளத்தக்க அரிய தொண்டு இது.

6. முதற் போட்டி: முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத் திறனாளிகளுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. மாவட்ட அளவில் கலந்துகொள்வதற்கான விவரங்களை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் அறியலாம். தேசிய அளவில் 2023ஆம் ஆண்டு டிசம்பரில் முதலாவது கேலோ இந்தியா பாராப் போட்டிகள் நடைபெற்றன. முதற் போட்டிக்குச் செல்லும் வழிச்செலவும், உடன் செல்பவரின் ஒரு நாள் கூலியுமே பெரும்பாலும் தடையாக நிற்கின்றன. ஊர்ப் பெரியோர் ஒரு சிலர் முன்வந்தால் இத்தடை நீங்கும்.

விளையாட்டும் தொழிலும்

விளையாட்டு வீரனின் காலம் குறுகியது, வாழ்க்கையோ நெடியது. மேலும், களத்தில் இறங்கும் அனைவரும் பதக்கம் பெறுவதில்லை. ஆதலால் பயிற்சி ஒருபுறமும் படிப்போ தொழிலோ மறுபுறமுமாக, ஏரில் பூட்டிய இரு மாடுகளைப்போல் சேர்ந்தே செல்ல வேண்டும். ஒன்றை அவிழ்த்துவிட்டால் சால் நேராக வராது.

காஞ்சிபுரத்தைச் சேர்ந்த துளசிமதி முருகேசன் பாரிசில் பூப்பந்தாட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றபோது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவியாவார். அதே பிரிவில் மனிஷா ராமதாசும், வேறு பிரிவில் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலம் வென்றனர். மாரியப்பனும் கல்லூரிக் கல்வி பெற்றவரே. 2021ஆம் ஆண்டு தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் துணை மேலாளர் பணிக்கு அவருக்கு ஆணை வழங்கப்பட்டது.

பதக்கம் பெறாதவர்க்கும் சட்டம் துணை நிற்கிறது. மேற்கூறிய 40 விழுக்காட்டுக் குறைபாடு உடையோர்க்கு, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, அரசுப் பணிகளில் 4 விழுக்காட்டுக்குக் குறையாத ஒதுக்கீடு, உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத ஒதுக்கீடு ஆகியவை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் வகுக்கப்பட்டுள்ளன. வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும், நில வீட்டு ஒதுக்கீடுகளிலும் 5 விழுக்காடு இவர்களுக்குரியது. விளையாட்டில் இவர்கள் பங்குபெற ஆவன செய்வதும் அரசின் கடமையென அச்சட்டமே கூறுகிறது. எனவே ஊராட்சியார் செய்வது தருமம் அன்று. சட்டம் வழங்கிய உரிமையை உரியவர் கையில் சேர்ப்பதேயாகும்.

வேலைக்கு அமர்த்துவோர்க்கும் ஒரு வார்த்தை. கூட்டுறவுச் சங்கத்திலோ பால் சேகரிப்பு நிலையத்திலோ கடையிலோ பணிபுரியும் வீரருக்குக் காலையில் பயிற்சி முடித்து வர அரைமணி சலுகையும், போட்டி நாளில் விடுப்பும் அளித்தால் போதும். வேலையைக் குறைவறச் செய்தல் அவர் பொறுப்பு.

ஓர் ஐயமும் விடையும்

"ஊரில் குடிநீருக்கே பணம் போதவில்லை, இதற்கு ஏன் செலவிட வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. மேலே கூறியவற்றுள் பெரும்பகுதி பணத்தால் ஆகாது, கவனத்தால் ஆவது. மேலும், வீட்டில் முடங்கிய ஒருவருக்காக மற்றொருவரின் உழைப்பும் முடங்குகிறது. அவர் உடல் வலுப்பெற்றுத் தாமே நடமாடி ஒரு தொழிலும் செய்வாராயின், அக்குடும்பத்தில் உழைக்கும் கைகள் கூடுகின்றன. பதக்கம் வராவிடினும் இப்பயன் வந்தே தீரும்.

வென்று வந்தவரை மேளதாளத்தோடு வரவேற்பதில் நம் கிராமங்கள் குறை வைப்பதில்லை. அவ்வரவேற்பில் ஒரு பங்கைப் போட்டிக்கு முன்னரே அளிப்பதுதான் இப்போது வேண்டுவது.

2025ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத் திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வழி வகுத்துள்ளது. அவர்களுடைய யோசனையைக் கேட்டே திடலையும் திட்டத்தையும் அமைத்தல் நலம். அடுத்து வரும் கிராம சபைக் கூட்டத்தில் மூன்று பொருள்களைத் தீர்மானமாகக் கொண்டு வருக: பெயர்ப் பட்டியல் தயாரித்தல், சான்று முகாமுக்கு அழைத்துச் செல்லுதல், திடலுக்குச் சரிவுப் பாதை அமைத்தல். இம்மூன்றும் ஓராண்டுக்குள் நிறைவேறுமாயின், அடுத்த விளையாட்டு விழாவில் மர நிழலில் செருப்புக் காக்கும் குழந்தை எவரும் இராதவாறு நம் ஊராட்சிகள் செய்துவிடலாம். அதற்கான முயற்சியை இம்மாதமே தொடங்குவோமாக.