ஆகாயத்தில் சாகாத மீன்

கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் நின்றால் போதும், யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "பிளேன்ல வந்த மீனா? ரெண்டு நாள் தாங்கினா பெருசு." மூன்றாம் நாள் மீன் மல்லாந்து மிதந்தால் பழி விமானத்தின் தலையில் விழும். ஆனால் கண்டம் விட்டுக் கண்டம் போகும் அலங்கார மீன்களும் பவளங்களும் விமானத்தில்தான் போகின்றன. ஒழுங்காகக் கட்டியவை உயிரோடு போய்ச் சேரவும் செய்கின்றன. விமானத்தைச் சந்தேகிக்கிற நாம் பைக்குள் இருக்கும் தண்ணீரைக் கவனிப்பதில்லை.

நம்பிக்கை 1: "விமானத்தின் அடிவயிற்றில் காற்றே கிடையாது. பை வெடிக்கும், இல்லாவிட்டால் மீன் உறைந்துபோகும்."

உண்மை: பயணிகள் விமானத்தில் நம் காலுக்குக் கீழே இருக்கும் சரக்கு அறையிலும் நாம் உட்கார்ந்திருக்கும் அறையிலும் காற்றழுத்தம் ஒன்றுதான். அதிகபட்சம் 8,000 அடி, அதாவது சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருக்கும் அளவுக்கு அது குறையும். ஊட்டியின் உயரமே ஏறத்தாழ 2,240 மீட்டர். மேட்டுப்பாளையத்தில் கட்டிய மீன் பையை ஊட்டிக்கு ஏற்றினால் என்ன ஆகுமோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பைக்குள் இருக்கும் வாயு மூன்றில் ஒரு பங்கு வரை விரியும். அதனால்தான் பழகிய கை பையை மேளம்போல இறுக்காமல் சற்றுத் தொய்வாகக் கட்டுகிறது. உயிருள்ள சரக்கை ஏற்றும் அறையில் வெப்பத்தையும் கவனித்துக்கொள்கிறார்கள். ஆபத்து இருப்பது தரையில்: விமானத்தில் ஏற்றும்வரை பெட்டி வெயிலில் காத்துக்கிடக்கும் நேரம். தெர்மாகோல் பெட்டி அதற்காகத்தான்.

நம்பிக்கை 2: "தண்ணீர் நிறைய ஊற்றினால்தான் நீண்ட பயணம் தாங்கும்."

உண்மை: கணக்கு நேர்மாறானது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 8 மில்லிகிராம். அதே ஒரு லிட்டர் இடத்தில் சாதாரணக் காற்று இருந்தால் ஏறக்குறைய 270 மில்லிகிராம். தூய ஆக்சிஜன் இருந்தால் சுமார் 1,300 மில்லிகிராம். மீனின் மூச்சு இருப்பது தண்ணீரில் அல்ல, அதன் மேலே இருக்கும் வாயுவில். ஆகவே பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி சிலிண்டர் ஆக்சிஜன் என்பது வழக்கம். சரக்குக் கட்டணம் எடையைப் பார்த்துத்தான் என்பதால் வியாபாரிக்கும் இது லாபம். ஃபைட்டர் மீன் மட்டும் விதிவிலக்கு. அது மேலே வந்து காற்றையே நேராகச் சுவாசிப்பதால் அதன் பையில் பெரும்பாலும் சாதாரணக் காற்றைத்தான் அடைப்பார்கள்.

நம்பிக்கை 3: "தூரம் போகிற உயிர், வயிறார இரை போட்டு அனுப்பணும்."

உண்மை: ஊருக்குப் போகிற பிள்ளைக்குக் கட்டுச்சோறு கட்டுகிற மனசு இது, மீனுக்குப் பொருந்தாது. ஏற்றுமதியாளர்கள் ஒன்றிரண்டு நாள் பட்டினி போட்ட பிறகே பையில் இறக்குவார்கள். இரையில் உள்ள புரதம் செரித்தால் அமோனியா உண்டாகும். அது கழிவோடு மட்டும் போவதில்லை. பெரும்பகுதி செவுள் வழியாகவே தண்ணீரில் கலக்கிறது. மூடிய பையில் அதற்குப் போக்கிடம் இல்லை. மீன் குளிர் ரத்தப் பிராணி. சில நாள் பசியைத் தாங்கும், தன் கழிவைத் தாங்காது.

நம்பிக்கை 4: "பவளம் கல்தானே, ஈரத்துணியில் சுற்றிப் போட்டால் போதும்."

உண்மை: கல் அது கட்டிய வீடு. அதற்குள் இருப்பது ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு பிராணிகள். அவற்றின் திசுவில் பாசிகள் குடியிருந்து, வெளிச்சத்தில் உணவு சமைத்துக் கொடுக்கின்றன. இதைக் கேட்டு "அப்படியானால் இருட்டுப் பெட்டியில் செத்துவிடுமே" என்று எதிர்ப்பக்கம் ஓடவும் வேண்டாம். ஓரிரு நாள் இருட்டைப் பவளம் பொறுத்துக்கொள்ளும். பொறுக்காதவை இரண்டு: வெப்பம் ஏறி இறங்குவதும், உரசலும். காயம்பட்ட பவளம் வழவழவென்று சளியை விடும். அந்தச் சளியே தண்ணீரைக் கெடுக்கும். எனவே விவரம் தெரிந்தவர்கள் பவளத் துண்டை ஒரு தெர்மாகோல் வில்லையில் கட்டி, தலைகீழாகத் தண்ணீரில் தொங்கவிடுகிறார்கள். பெட்டி எப்படி ஆடினாலும் அதன் சதை எதிலும் படாது.

நம்பிக்கை 5: "கரையில் கிடந்த செத்த பவளத்துக்கு யார் கேட்கப் போகிறார்கள்?"

உண்மை: சட்டம் கேட்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் பவளங்கள் 2001இல் சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் அதே அட்டவணை. மன்னார் வளைகுடாக் கரையில் பொறுக்கிய துண்டு உயிருள்ளதா, செத்ததா என்பது அங்கே சாக்காகாது. நாடு விட்டு நாடு போகும் கடினப் பவளங்களுக்கு சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் அனுமதிச் சீட்டும் வேண்டும்.

நம்பிக்கை 6: "வந்து இரண்டு வாரத்தில் செத்தால், பயணக் களைப்புதான்."

உண்மை: பயணத்துக்கு முன்னால் நடந்ததையும் விசாரிக்க வேண்டும். நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் மீன்களில் பெரும்பாலானவை பாறைகளுக்கு நடுவே பிடிக்கப்பட்டவை. பிலிப்பைன்ஸில் 1960களில் தொடங்கிய ஒரு முறை உண்டு: சயனைடு கரைசலைப் பாறை இடுக்கில் பீய்ச்சி, மயங்கும் மீனை அள்ளுவது. அங்கே தப்பிய மீன் பார்க்க நன்றாக இருக்கும். உள்ளுறுப்பு கெட்டு நாள் கழித்துச் சாகும். பீய்ச்சிய இடத்துப் பவளமும் சாகும்.

நம்பிக்கை 7: "பையைத் திறந்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் கலந்து பழக்கணும்."

உண்மை: பக்கத்துக் கடையில் வாங்கி இருபது நிமிடத்தில் வீடு வந்த மீனுக்கு இது சரி. ஒரு நாளைப் பைக்குள் கழித்த மீனுக்கு இதுவே எமன். மீன் விட்ட மூச்சில் கரியமில வாயு சேர்ந்து தண்ணீரை அமிலப் பக்கம் தள்ளியிருக்கும். அந்த அமிலத்தில் அமோனியாவின் பெரும்பகுதி, நச்சு குறைந்த அமோனியமாக அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறும், தண்ணீரின் அமிலத்தன்மை குறைந்து பி.எச். அளவு ஏறும். ஒரு படி ஏறினாலே நச்சு அமோனியாவின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். சொட்டு விடும் அந்த மணி நேரமெல்லாம் மீன் நஞ்சில் நிற்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். கட்டை அவிழ்க்காமலே பையைத் தொட்டியில் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்குங்கள். கடல் மீன் என்றால், உப்பளவு பையோடு ஒத்துப்போகும் தண்ணீரைத் தனித் தொட்டியில் முன்னரே வைத்திருங்கள். திறந்தவுடன் மீனை மட்டும் மாற்றுங்கள். பைத் தண்ணீரைக் கீழே கொட்டுங்கள்.

ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து பிழைத்த மீன், நம் வீட்டுக் கூடத்தில், நாம் அக்கறையாகச் சொட்டு விடும் நேரத்தில் சாகிறது. அதற்கும் பழி விமானத்துக்கே போகிறது.