வால்வெள்ளி வருகிறதாம்!



1996ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் நாங்கள் இடம்பெயர்ந்து வன்னியில் ஒரு தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். அப்போது எனக்குப் பதினான்கு வயது. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெயும் அருமை. ஆகையால் பொழுது பட்டால் வானம் ஒன்றுதான் வெளிச்சம். ஒரு நாள் இரவு செபமாலை முடிந்ததும் என் தகப்பனார் எங்களை வெளியே அழைத்து வடக்கு வானத்தைக் காட்டினார். பஞ்சைப் பிய்த்து வைத்தாற்போல ஒரு மங்கிய ஒளி. அதிலிருந்து நீண்டு போகும் மெல்லிய வால். பக்கத்துக் கொட்டில்களில் இருந்தவர்களும் வந்து கூடிவிட்டார்கள். தூமகேது தோன்றினால் அரசனுக்குக் கேடு, நாட்டுக்குப் பஞ்சம் என்று ஒருவர் சொல்லத் தொடங்கினார். அங்கே இருந்த ஆச்சி ஒருவர் அவரை முடிக்க விடவில்லை. “உது வராமலே எங்களுக்கு எல்லாம் வந்திட்டுது, தம்பி. இனி உது புதுசா என்னத்தைக் கொண்டு வரப்போகுது?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த நாட்களில் நாங்கள் சிரித்தது குறைவு. அதனாற்போலும் அது இன்றும் நினைவில் நிற்கிறது.

நாங்கள் கண்டது ஹியாகுதாகே வால்வெள்ளி என்று பின்னரே அறிந்தேன். யப்பானைச் சேர்ந்த யூஜி ஹியாகுதாகே என்ற அமெச்சூர் வானாராய்ச்சியாளர், 1996 சனவரிக் கடைசியில் பெரிய இருகண் தூரநோக்கி ஒன்றினால் அதைக் கண்டுபிடித்தார். இரண்டு மாதங்கள் ஆகுமுன்னரே, மார்ச் 25ஆம் நாள், அது பூமிக்கு ஒன்றரைக் கோடி கிலோமீற்றர் தூரத்தில் கடந்து சென்றது. சந்திரன் நமக்கு ஏறக்குறைய நான்கு இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. அதைப்போல நாற்பது மடங்கு தூரம் என்று கொள்ளுங்கள். நமக்கு அது பெருந்தூரம். வால்வெள்ளிகளின் கணக்கிலோ அது கிட்ட வந்ததுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2029ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் வேறொரு வான்பொருள் பூமிக்கு மிக அண்மையில் வரவிருக்கிறது. அதைப்பற்றிய கதைகள் இப்பொழுதே உலாவத் தொடங்கிவிட்டன. நாள் நெருங்க நெருங்க அவை பெருகும். உங்கள் வீட்டு வாசலுக்கும் வரும். அதற்குமுன் நாம் கொஞ்சம் அறிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில், வால்வெள்ளி என்றால் என்ன? அது பனிக்கட்டியும் தூசியும் கல்லும் கலந்து உறைந்த ஓர் உருண்டை. பெரும்பாலும் சில கிலோமீற்றர் பருமனே இருக்கும். சூரியனுக்கு வெகு தொலைவில் இருக்கும்போது அதற்கு வாலும் இல்லை, ஒளியும் இல்லை. சூரியனை நெருங்கும்போது அதன் பனி ஆவியாகி, தூசியையும் இழுத்துக்கொண்டு வெளிக்கிளம்புகிறது. சூரியனிலிருந்து வீசும் துகள்களும், சூரிய ஒளியின் தள்ளுகையும் அந்த ஆவியையும் தூசியையும் அப்பால் ஒதுக்குகின்றன. அதுவே வால். ஆகவே வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீளும். வால்வெள்ளி சூரியனை விட்டுத் திரும்பிப் போகும்போது வால் முன்னாலே போகும், தலை பின்னாலே போகும்! ஓடும் குதிரையின் வாலைப்போல நினைத்திருப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

வால்வெள்ளிகள் நினைத்தபடி வந்து போகும் பொருட்கள் அல்ல, அவைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று காட்டியவர் இங்கிலாந்து வானநூல் அறிஞர் எட்மண்ட் ஹலி. 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் தோன்றியவை மூன்றும் ஒரே வால்வெள்ளிதான் என்று கணித்து, அது 1758ஆம் ஆண்டளவில் மீண்டும் வரும் என்று எழுதிவைத்தார். வந்தாலும் அதைக் காண தாம் இருக்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும், 1742இல் இறந்தார். 1758ஆம் ஆண்டு முடியப்போகிறது, வால்வெள்ளியைக் காணவில்லை. பிரான்சில் கிளேரோ, லலாந்து என்ற அறிஞர்களும், நிக்கோல் லெப்போத் என்ற பெண்மணியும் மாதக்கணக்காக உட்கார்ந்து கையாலேயே கணக்குப் போட்டார்கள். வியாழனும் சனியும் அதை இழுத்துப் பிடித்திருப்பதனால் 618 நாட்கள் தாமதமாகும் என்று கண்டார்கள். ஜெர்மனியில் திரெஸ்டன் நகருக்கு அண்மையில் வாழ்ந்த பாலிட்ஸ் என்ற கமக்காரர் ஒருவர் தம் தூரநோக்கியால் அதை முதலிற் கண்டார். நாள் எது தெரியுமா? 1758 டிசெம்பர் 25, நத்தார் தினம்! பட்டம் பெற்ற அறிஞர்கள் பலர் தேடிக்கொண்டிருக்க, வயலில் வேலை செய்த மனிதர் அதைக் கண்டுவிட்டார். இடையர்களுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இரவை நினைக்காமல் இதைக் கடந்துபோக என்னால் முடிவதில்லை.

இத்தனை ஒழுங்கு தெரிந்த பின்னும் பயம் போய்விட்டதா? இல்லை. பயத்தின் உடை மாறியது, அவ்வளவுதான்.

1770ஆம் ஆண்டு யூலை முதலாம் நாள், லெக்சல் வால்வெள்ளி என்று இன்று அழைக்கப்படுவது, 22 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் நம்மைக் கடந்தது. மனிதர் கண்டு கணித்த வால்வெள்ளிகளில் இவ்வளவு கிட்ட வந்தது வேறில்லை. பின்னர் வியாழன் கோளின் இழுப்பில் அகப்பட்டுப் பாதை மாறிப்போன அதை அதன்பின் எவரும் காணவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, மேலே சொன்ன அதே லலாந்து, பூமிக்கு அண்மையில் வரக்கூடிய வால்வெள்ளிகளைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மோதல் நேரும் வாய்ப்பு மிக மிகச் சிறியது என்பதே அவர் கருத்து. பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் கூட்டத்தில் நேரம் போதாமையால் அது வாசிக்கப்படவில்லை. அவ்வளவுதான், ஏதோ மறைக்கிறார்கள் என்று கதை பரவியது. மே மாதத்தில் உலகம் அழியும் என்று நாளும் குறித்துவிட்டார்கள். கட்டுரையை அச்சிட்டு வெளியிட்ட பின்னும் பதற்றம் உடனே தணியவில்லை. வாசிக்கப்படாத கட்டுரை எத்தனை பேரை நடுங்க வைத்தது பாருங்கள். பத்திரிகை நடத்தும் எனக்கு இதில் ஒரு பாடம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

1910இல் நடந்தது இன்னும் விசித்திரம். ஹலி வால்வெள்ளி திரும்பி வந்தது. மே மாதம் 18, 19ஆம் திகதிகளில் பூமி அதன் வாலின் ஊடாகச் செல்லும் என்று கணித்தார்கள். அந்த வாலிலே சயனோஜன் என்ற நச்சு வாயு இருப்பதாக அமெரிக்காவின் யேர்க்ஸ் வானாராய்ச்சி நிலையம் கண்டறிந்தது. வாயு நம் காற்றிற் கலந்து உயிர்கள் மடியலாம் என்று பிரெஞ்சு வானநூல் எழுத்தாளர் பிளமாரியன் கூறியதாகப் பத்திரிகைகள் வெளியிட்டன. மற்ற அறிஞர்கள் எல்லாரும் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் பயமூட்டும் செய்திக்கு இருக்கும் கால், ஆறுதற் செய்திக்கு இருப்பதில்லை. அமெரிக்காவில் கதவின் திறப்புத் துவாரங்களைக் கூடக் கடதாசியால் அடைத்தார்கள். வால்வெள்ளி மாத்திரை விற்றுப் பணம் பண்ணியவர்களும் இருந்தார்கள். அந்த மாத்திரை எதற்கு நல்லது என்று கேட்காதீர்கள், விற்றவருக்கு நல்லது. மே 19 விடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. வாலில் உள்ள பொருள் அவ்வளவு ஐதானது. ஆய்வுகூடத்தில் காற்றை உறிஞ்சியெடுத்து வெற்றிடம் என்று சொல்கிறோமே, அதிலும் ஐதானது.

“ஆனால் சுவாமி, அந்த மாதம் அரசர் இறந்தாரே!” என்று யாரும் கேட்கலாம். உண்மைதான். அப்போது இலங்கைக்கும் அரசராயிருந்த ஏழாம் எட்வேட் மே 6ஆம் திகதி காலமானார். வெகுகாலம் நோயுற்றிருந்த, அறுபத்தெட்டு வயது மனிதர். வால்வெள்ளி இல்லாத ஆண்டுகளில் இறந்த அரசர்களை யார் கணக்கெடுத்தார்கள்? கெட்டது நடந்தால் வானத்தை நினைக்கிறோம். நடக்காவிட்டால் வானத்தை மறந்துவிடுகிறோம்.

இனி நம் திருச்சபையைப்பற்றிய ஒரு குற்றச்சாட்டு. 1456ஆம் ஆண்டில் ஹலி வால்வெள்ளி தோன்றியபோது பாப்பரசர் மூன்றாம் கலிஸ்துஸ் அதைச் சபித்தார், திருச்சபைக்குப் புறம்பாக்கினார் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடக் கேட்டிருப்பார்கள். வால்வெள்ளியை எப்படித் திருச்சபையிலிருந்து நீக்குவது? அது எந்தப் பங்கிலே ஞானஸ்நானம் பெற்றது? நடந்தது இதுதான். 1453இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் வீழ்ந்தபின் துருக்கியரின் படை பெல்கிரேட் நகரை நோக்கி வந்துகொண்டிருந்தது. யூன் 29ஆம் திகதி பாப்பரசர் ஒரு கட்டளை விடுத்தார். நண்பகலுக்குப் பின் ஆலய மணிகளை ஒலிக்கச் செய்து, விசுவாசிகள் கர்த்தர் கற்பித்த செபத்தையும் மங்கள வார்த்தை செபத்தையும் மும்முறை சொல்ல வேண்டும் என்பது அது. நண்பகலில் நம் ஆலயங்களில் ஒலிக்கும் திரிகால மணி பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பர். அந்தக் கட்டளையில் வால்வெள்ளி என்ற சொல்லே இல்லை. சுமார் இருபது ஆண்டுகளின் பின் பாப்பரசர்களின் வரலாற்றை எழுதிய பிளாத்தினா என்பவர், வால்வெள்ளியையும் செபக் கட்டளையையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்து எழுதினார். பின்வந்தவர்கள் ஆளுக்கு ஒரு பிடி உப்பும் புளியும் சேர்த்தார்கள். பெரிய கணித மேதையான லாப்பிளாஸ் கூட, செபத்திலே வால்வெள்ளியும் சேர்க்கப்பட்டிருந்ததாக எழுதினார். 1909இல் இயேசு சபைக் குருவானவர் யோகான் ஸ்டைன் மூல ஏடுகளைத் தேடி ஆராய்ந்து இக்கதை எப்படி வளர்ந்தது என்று காட்டினார். அவரே பின்னர் வத்திக்கான் வானாராய்ச்சி நிலையத்தின் தலைவரும் ஆனார்.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. அக்காலக் கத்தோலிக்கர் பலர் வால்வெள்ளியைக் கண்டு நடுங்கியது உண்மை. குருக்கள் சிலரும் பிரசங்கத்தில் அந்தப் பயத்தைப் பயன்படுத்தினார்கள். அதைப் பாப்பரசரின் தலையில் கட்டுவதுதான் பொய். வானத்து அடையாளங்களைக் கண்டு அஞ்சவேண்டாம் என்று இறைவாக்கினர் எரேமியா (10ஆம் அதிகாரம்) தம் மக்களுக்குச் சொல்லியிருந்தும், நாம் கேட்கவில்லை.

இது வெறும் பழங்கதை என்று எண்ணாதீர்கள். 1997ஆம் ஆண்டு ஹேல்-பொப் வால்வெள்ளி வானத்தில் அழகாக நின்றபோது, அதன் பின்னால் ஒரு விண்கலம் வருகிறது, அதில் ஏறிப் போகலாம் என்று நம்பி, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு குழுவைச் சேர்ந்த 39 பேர் ஒரே வீட்டில் தற்கொலை செய்தார்கள். கணினி பயின்ற, படித்த மனிதர்கள். வால்வெள்ளி அவர்களை ஒன்றும் செய்யவில்லை. அதைப்பற்றி ஒருவர் சொன்ன கதையே அவர்களைக் கொண்டுபோயிற்று.

இப்போது 2029க்கு வருவோம். வரவிருப்பது வால்வெள்ளி அன்று. அப்போபிஸ் என்ற சிறுகோள். வாலில்லாத கற்பாறை. ஏறக்குறைய முந்நூற்றைம்பது மீற்றர் பருமன். 2004ஆம் ஆண்டு அதைக் கண்டுபிடித்தவுடன் செய்த முதற் கணக்குகளில் மோதும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டே முக்கால் அளவுக்குக் கூட ஏறியது. அன்று வந்த செய்தியைத்தான் இன்றும் பலர் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். மேலும் மேலும் அளந்து பார்த்ததில் அந்த வாய்ப்பு இல்லாது போயிற்று. 2021இல் றேடார் கொண்டு அளந்தபின், குறைந்தது இன்னும் நூறு ஆண்டுகளுக்கு அது பூமியில் மோதாது என்று நாசா அறிவித்துவிட்டது. பூமியின் தரையிலிருந்து ஏறக்குறைய 32,000 கிலோமீற்றர் உயரத்தில் அது கடந்துபோகும். நம் தொலைக்காட்சிச் செய்மதிகள் நிற்கும் உயரத்தை விட இது கிட்ட. ஐரோப்பா, ஆபிரிக்கா, மேற்காசியா ஆகிய இடங்களில் தூரநோக்கி இன்றியே காணலாம் என்கிறார்கள்.

நாளைக் கவனியுங்கள். அவர்களுக்கு அது ஏப்பிரல் 13, வெள்ளிக்கிழமை. நமக்கோ ஏப்பிரல் 14, சித்திரைப் புத்தாண்டு விடியற்காலை மூன்று மணி கடந்த நேரம். பதின்மூன்றாம் திகதியும் வெள்ளிக்கிழமையும் ஒரு பக்கம், வருடப் பிறப்பு மறுபக்கம். கதை கட்டுபவருக்கு இதைவிட என்ன வேண்டும்? பரிகாரம் செய்யச் சொல்லி யாராவது பணம் கேட்டு வருவார்கள். மூன்று நாள் இருள் என்றும், ஆசீர்வதிக்கப்பட்ட மெழுகுதிரி மட்டுமே எரியும் என்றும் துண்டுப்பிரசுரம் நம்மவர் கையிலேயே அச்சாகி வரும். அப்படி ஒன்று உங்கள் கையில் கிடைத்தால் பிரதி எடுத்து ஒன்பது பேருக்கு அனுப்பாமல், பங்குக் குருவிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். பிள்ளைகள் பயந்து கேட்டால் “சும்மா இரு” என்று அதட்டவேண்டாம். மேலே சொன்ன தூரக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். கணக்குத் தெரிந்த பிள்ளை நன்றாகத் தூங்கும்.

ஹலி வால்வெள்ளி 2061 யூலை 28ஆம் திகதி மறுபடி சூரியனுக்கு மிக அண்மையில் வரும். 1986இல் அது வந்தபோது நம் பெற்றோர் பலர் ஆவலோடு பார்த்து ஏமாந்தார்கள். அது பிரகாசமாயிருந்த வேளையில் சூரியனுக்கு மறுபுறத்தில் நின்றது. 2061இல் நம் பக்கத்திலேயே நிற்கும், நன்றாகத் தெரியும் என்று கணித்திருக்கிறார்கள். இன்று உங்கள் வீட்டில் பத்து வயதிலே ஞானோபதேச வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு அப்போது நாற்பத்தைந்து வயதளவில் இருக்கும். அந்தத் திகதியைக் குடும்ப வேதாகமத்தின் முதற் பக்கத்தில், ஞானஸ்நானத் திகதிகளுக்குக் கீழே, இப்போதே எழுதி வையுங்கள்.